தங்கவயலின் அறிவுநூல்கள்: சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடுகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் அறிவுநூல்களின் வளர்ச்சியை எழுதுவோர் சென்னை, கோவை, மதுரை முதலிய நகரங்களையும் அங்கிருந்த கல்வி நிறுவனங்களையுமே பெரிதும் கருத்திற்கொள்வர். பெ.நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகள், கோவையிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' இதழ், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் ஆகியன அவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் காட்டப்பெறுகின்றன. இவை யாவும் கற்றோர் கல்லாதார்க்கு வழங்கிய அறிவுக் கொடை என்னும் நிலையில் அமைந்தவை.

இதற்கு மாறான மற்றொரு மரபும் தமிழில் உண்டு. தமிழகத்தின் எல்லைக்கு வெளியே, அன்றைய மைசூர் அரசில் அமைந்த கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சார்ந்து ஒரு நூல் வரிசை உருவாயிற்று. சரித்திரம், சமய ஆராய்ச்சி, புராண மறுப்பு, இலக்கிய வரலாறு, சடங்கு விளக்கம் எனப் பல துறைகளைத் தொட்ட சிறு நூல்கள் அவை. அவற்றுட் பெரும்பாலானவை பண்டிதர் க. அயோத்திதாசர் (1845–1914) எழுதியவை. அவருக்குப் பின் அவற்றை அச்சில் நிலைக்கச் செய்த பணியில் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலைக்குத் தலையாய இடம் உண்டு. அந்நூல்களின் பொருட்பரப்பு, ஆய்வுமுறை, நடை, குறைபாடு ஆகியவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நூல்கள் தந்த விடைகளுட் பல இன்றைய ஆய்வின்முன் நில்லா. ஆனால் அவை எழுப்பிய வினாக்கள் நிற்கின்றன. வினவும் பழக்கத்தை உழைக்கும் வாசகருக்கு உரிமையாக்கியதே இவ்வரிசையின் மெய்யான சாதனை என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

களமும் வாசகரும்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் குழுமம் 1880இல் கால் பதித்தபின் தங்கச் சுரங்கத் தொழில் விரைந்து வளர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஆதிதிராவிட மக்கள். ஊரில் நிலவுடைமையாளரின் ஆட்சிக்குட்பட்டிருந்தவர்கள் இங்கு மாதச் சம்பளம் பெறும் தொழிலாளராயினர். வேலை கொடியது; பாறை வெடிப்பும் தூசியால் வரும் நுரையீரல் நோயும் உயிரைப் பறித்தன. ஆயினும் ஊரில் கிட்டாத இரண்டு இங்குக் கிட்டின: கையில் சிறிது பணம், கூடிப் பேசுவதற்கு ஓரிடம்.

இவ்விரண்டும் ஒரு வாசகக் கூட்டம் உருவாவதற்குப் போதுமானவையாயிருந்தன. அயோத்திதாசர் 1898இல் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கைய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை தோன்றியது. எம்.ஒய். முருகேசர், ஈ. குருசாமி முதலியோர் அதனை நடத்தினர். பின்னர்ச் சாம்பியன் ரீப்ஸ் பகுதியிலும் பௌத்தச் சங்கப் பணிகள் பரவின. வழிபாட்டுக்கு மட்டுமன்றி, சொற்பொழிவு கேட்பதற்கும் இதழ் வாசிப்பதற்கும் ஐயங்களை எடுத்துரைப்பதற்கும் உரிய இடமாகச் சங்கம் விளங்கிற்று. எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிந்தவர் வாசித்துக் காட்டும் வழக்கமுள்ள சமூகத்தில், விற்பனையான படிகளின் தொகையைக் கொண்டு வாசகரின் தொகையைக் கணிக்க இயலாது.

இவ்வாசகர் யார் என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம். 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள், கைவிரல் ரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினர். குற்றவாளியைப்போல் தம்மை நடத்துவதாக அவர்கள் அதனைக் கருதினர். நிருவாகம் அவர்களைக் கைரேகைகளாகக் கணக்கிட முனைந்த காலத்திலேயே, அவர்களை ஆராயும் அறிவுடையோராகக் கருதி நூல்கள் எழுதவும் அச்சிடவும் பெற்றன.

இதழிலிருந்து நூலுக்கு

இந்நூல்களின் ஊற்று ஓர் இதழாகும். 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் அயோத்திதாசர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையே பெயராயிற்று. ஓராண்டுக்குப்பின் வாசகர் விருப்பத்திற்கேற்ப அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. அரசியற் செய்தி, சரித்திரம், பௌத்த தன்மம், இலக்கியம், மருத்துவம், மகளிர்க்குரிய பகுதி, வாசகர் வினாவும் அவற்றிற்கு விடையும் என அதன் பொருள் விரிந்தது. ஆசிரியர் சித்த மருத்துவராகவும் தமிழ்ப் புலவராகவும் விளங்கியமையால் ஒரே இதழில் நோய்க்குறிப்பும் நிகண்டுச் சொல்லும் அடுத்தடுத்து இடம்பெறுவது இயல்பாயிற்று.

இதழில் தொடராக வந்தவை பின்னர் நூலாயின. புத்தர் வரலாற்றைக் கூறும் 'புத்தரது ஆதிவேதம்' 1912இல் மாரிக்குப்பம் அன்பர்களின் துணையுடன் நூல் வடிவம் பெற்றது. தலைநகரின் அறிஞர் எழுத, சுரங்கத் தொழிலாளர் பொருள் திரட்டி அச்சிடுவித்தனர் என்பது தமிழ் அச்சு வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. புரவலர் என்னும் சொல்லுக்குச் சமீன்தாரையும் மடத்தையும் மட்டுமே எண்ணிப் பழகிய இலக்கிய வரலாறு, இங்குத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ள வேண்டியதாகிறது.

அயோத்திதாசர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். 'தமிழன்' சிறிது காலத்தில் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அப்பாதுரையார் தாமும் நூலாசிரியர். 'புத்தர் அருளறம்' அவருடைய நூல். இவ்வாறு ஊக்கம்பெற்ற சூழலில் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் படைப்புகளைத் தனித்தனிச் சிறு நூல்களாக்கியது. 'இந்திரர் தேச சரித்திரம்' நூலின் இரண்டாம் பதிப்பு 1957இல் அங்கிருந்தே வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நூலுக்கு வாசகர் இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

பொருட்பரப்பு

அயோத்திதாசரின் தொடர்களையும் குறுநூல்களையும் ஒருசேர நோக்கின் அவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, தேச சரித்திரம். 'இந்திரர் தேச சரித்திரம்' இதற்குரியது. இரண்டாவது, வழங்கும் கதைகளை மறு ஆய்வுக்கு உட்படுத்துவன. 'அரிச்சந்திரன் பொய்கள்', 'நந்தன் சரித்திர தந்திரம்', 'திருவள்ளுவர் வரலாறு', 'கபாலீசன் சரித்திர ஆராய்ச்சி' முதலியன இதன்பாற் படும். மூன்றாவது, கருத்து விளக்கம்; 'வேஷபிராமண வேதாந்த விவரம்', 'யதார்த்த பிராமண வேதாந்த விவரம்' என்னும் இணை நூல்கள் இவ்வகையின. நான்காவது, வாழ்வியல் விளக்கம். திருமணச் சடங்கை விளக்கும் 'விவாஹ விளக்கம்' அதற்கு எடுத்துக்காட்டு.

தலைப்புகளே வாசகரை அழைக்கும் வகையில் அமைந்துள்ளன. அரிச்சந்திரன் பொய் கூறாதவன் என்று தெருக்கூத்து வழியாகவும் நாடகம் வழியாகவும் அறிந்த ஒரு தொழிலாளி, 'அரிச்சந்திரன் பொய்கள்' என்னும் அட்டையைக் காணும்போது வியப்புறாதிருக்க முடியாது. கேட்டுப் பழகிய கதையைக் கேட்டபடியே நம்பவேண்டியதில்லை என்னும் செய்தி நூலைத் திறக்குமுன்னரே அவனைச் சென்றடைகிறது. அறிவு நாட்டத்தைத் தூண்டுதல் என்பது இவ்வெளியீடுகளில் அலங்காரமன்று. அதுவே அவற்றின் செயல்முறையாகும்.

ஆய்வுமுறை: வினாவும் விடையும்

இந்நூல்களின் ஆய்வுமுறை மூன்று படிகளைக் கொண்டது. வழக்கிலுள்ள ஒரு கதையையோ சொல்லையோ எடுத்துக்கொள்ளுதல். அதன் உள்முரண்களைக் காட்டி, எவர் நலத்திற்காக அது அவ்வாறு வழங்குகிறது என வினவுதல். பழந்தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் சொற்பொருள் விளக்கத்தையும் சான்றாக்கி மாற்று வரலாறு ஒன்றை முன்வைத்தல். முதலிரண்டு படிகளில் நூலாசிரியரின் ஆற்றல் மிகுந்து விளங்குகிறது. மூன்றாம் படியில் அது தளர்கிறது. மூன்று எடுத்துக்காட்டுகளால் இதனைத் தெளியலாம்.

நந்தன் கதை முதலாவது எடுத்துக்காட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சுருக்கமாக அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அது பெருகியது. நந்தனை அடக்கியாளும் வேதியராகிய பண்ணையார் அதில் இடம்பெறுகிறார். சேக்கிழாரிடம் அவர் இல்லை. கதை காலந்தோறும் மாறுகிறது, அம்மாற்றம் காரணமின்றி நிகழ்வதன்று என்னும் ஐயத்தை 'நந்தன் சரித்திர தந்திரம்' எழுப்புகிறது. இவ்வையம் முற்றிலும் நேர்மையானது. பிற்கால இலக்கியத் திறனாய்வும் இதே வேறுபாட்டைத் தனி ஆய்வுப்பொருளாகக் கொண்டுள்ளது. ஆனால் நந்தன் ஓர் அரசன் என நிறுவ அயோத்திதாசர் காட்டும் சான்றுகள் கல்வெட்டாலோ சமகால இலக்கியத்தாலோ உறுதிப்படவில்லை. செவிவழிக் கதை ஒன்றை மறுக்க மற்றொரு செவிவழிக் கதையே துணையாகிறது.

திருவள்ளுவர் வரலாறு இரண்டாவது. ஆதி என்பாளுக்கும் பகவன் என்பானுக்கும் வள்ளுவர் பிறந்தார் எனவும், உடன்பிறந்தோர் வெவ்வேறு குலத்தாரிடம் வளர்ந்தனர் எனவும் வழங்கிய கதையை அயோத்திதாசர் ஏற்கவில்லை. குறளின் காலத்திற்கு மிகப் பிற்பட்ட இக்கதையை இன்றைய ஆய்வாளரும் வரலாறாகக் கொள்வதில்லை. மேலும், தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பணியாற்றியபோது, தம்மிடமிருந்த குறள் ஏட்டை அவர் வழியாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என அயோத்திதாசர் பதிவு செய்கிறார். குறள் அச்சேறிய வரலாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஏடு பேணும் மரபை நினைவூட்டும் இக்குறிப்பு பெரிதும் மதிக்கத்தக்கது. எனினும் 'திரிக்குறள்' என்பதே நூலின் பழம்பெயர் எனவும், அது பௌத்தத் திரிபிடகத்தின் வழிநூல் எனவும் அவர் துணியும்போது, பெயரொப்புமை ஒன்றே பெரிதும் துணையாகிறது.

மூன்றாவது, 'இந்திரர் தேச சரித்திரம்'. ஐந்து இந்திரியங்களையும் வென்றமையால் புத்தர் இந்திரர் எனப்பட்டார். அவர் நெறி பரவிய நாடு இந்திரம் எனவும் பின்னர் இந்தியா எனவும் வழங்கியது என்பது நூலின் அடிப்படை. மொழியியல் இதனை ஏற்காது. சிந்து என்னும் ஆற்றுப்பெயர் பாரசீக மொழியில் இந்து என ஒலித்து, கிரேக்கம் வழியாக இந்தியா என்னும் பெயருக்கு வழிவகுத்தது என்பது நிலைபெற்ற முடிவு. ஆயினும் நூலின் நோக்கத்தைச் சொற்பிறப்போடு மட்டும் நிறுத்தி அளத்தல் முறையன்று. நாட்டின் சரித்திரத்தை அரசர் போரிலிருந்து தொடங்காமல், அறநெறி ஒன்றன் எழுச்சியும் வீழ்ச்சியுமாக எழுதலாம் என்றும், தாழ்த்தப்பட்டோரின் தாழ்வு பிறப்பால் வந்ததன்று, சரித்திரத்தால் நேர்ந்தது என்றும் அது கூறியது. இரண்டாவது கூற்று, ஓர் ஊகத்தின் மீது எழுப்பப்பட்டதாயினும், ஊகத்தைவிட ஆழமான உண்மையைத் தொட்டது. சரித்திரத்தால் நேர்ந்தது சரித்திரத்தால் மாறவும் கூடும்.

இங்கு ஓர் ஒப்பீடு பயன் தரும். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' தமிழகத்துப் பௌத்தத்தின் சுவடுகளை இலக்கியச் சான்று, ஊர்ப்பெயர், சிற்பம் முதலியவற்றைக் கொண்டு தொகுக்கிறது. சான்று நிற்குமிடத்தில் முடிவும் நிற்கிறது. அயோத்திதாசர் சான்றைக் கடந்தும் செல்கிறார். வேங்கடசாமி மறைந்துபோன ஒரு சமயத்தின் வரலாற்றை எழுதினார். அயோத்திதாசர் மீண்டும் வாழவேண்டிய ஒரு சமயத்தை எழுதினார். மாரிக்குப்பத்துச் சங்கத்தார்க்கு முன்னோரைப் பற்றிய ஒரு சித்திரம் உடனே தேவைப்பட்டது; முற்றிய சான்று கிட்டும்வரை காத்திருக்க அவர்களால் இயலவில்லை. இது குறைக்குக் காரணமாகுமேயன்றி, குறையை இல்லையென்று ஆக்காது.

மொழிநடை

இந்நூல்களின் உரைநடை இன்றைய வாசகருக்கு எளிதன்று. வடசொற்கள் மிகுதி, வாக்கியங்கள் நெடியன, புணர்ச்சி பிரிக்கப்படாமல் சொற்கள் தொடர்கின்றன. சுரங்கத் தொழிலாளர்க்கு இத்தகைய நடை பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். அதன் அமைப்பை நோக்கினால் விடை புலப்படும். செய்யுள் ஒன்றை நிறுத்தி, அதன் சொற்பொருளை விரித்து, பின்னர்க் கருத்தை உரைப்பது உரையாசிரியர் மரபு. அது செவிக்குரிய மரபு. மணிமேகலை, சூளாமணி, சீவகசிந்தாமணி, திவாகரம், நன்னூல் முதலியவற்றின் மேற்கோள்கள் இந்நூல்களில் நிறைந்துள்ளன. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் சூழலில் அவை தடையாகாமல் நிறுத்தக் குறிகளாகப் பயன்பட்டன. மேலும், ஒருகாலத்தில் கல்வி மறுக்கப்பட்டவர்க்கு எளிய சுருக்கம் போதும் என்னும் எண்ணம் இந்நூல்களில் இல்லை. புலவர் அவையில் வைக்கப்படும் சான்று எதுவோ அதுவே தொழிலாளர் முன்னும் வைக்கப்படுகிறது. வாசகரைத் தமக்கு நிகராகக் கருதும் இப்பண்பு, பின்வந்த பல எளிய அறிவுநூல்களில் காணக்கிடைக்காதது.

இதன் மறுபக்கமும் சுட்டத்தக்கது. மேற்கோள்களுட் சில இன்று அடையாளம் காண இயலாதனவாயுள்ளன. எந்த ஏடு, எவரிடமிருந்தது என்னும் விவரம் பலவிடங்களில் தரப்படவில்லை. பிறர் கூற்றுக்குச் சான்று கேட்கும் நூல், தன் சான்றையும் சோதிக்கத் தருதல் வேண்டும்.

விடுபட்டவை

ஒரு நூல் வரிசையை அதன் தலைப்புகளைக் கொண்டு மட்டுமன்றி, இல்லாத தலைப்புகளைக் கொண்டும் மதிப்பிடல் வேண்டும். மேற்காட்டிய நூல்களுள் சுரங்கத்தைப் பொருளாகக் கொண்டது ஒன்றும் இல்லை. தங்கவயலின் வாழ்வோ வியத்தகு அறிவுச் செய்திகளால் நிறைந்தது. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் மின்சாரம் நெடுந்தொலைவு கடந்து இங்கு வந்தது. சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தைத் தொட்டது. அச்சுரங்கத்தினுள் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 1965இல் இந்திய, சப்பானிய, ஆங்கிலேய இயற்பியலாளர் குழு வளிமண்டல நியூட்ரினோக்களின் அறிகுறியைக் கண்டறிந்தது. உலக அறிவியல் வரலாற்றில் அது முன்னோடிச் சோதனைகளுள் ஒன்று. பாறை ஏன் வெடிக்கிறது, ஆழத்தில் வெப்பம் ஏன் மிகுகிறது, தூசி நுரையீரலை எவ்வாறு அரிக்கிறது என்பவை தொழிலாளி நாள்தோறும் எதிர்கொண்ட வினாக்கள். அவற்றிற்கு இவ்வரிசையில் இடம் கிட்டவில்லை.

காலத்தால் முற்பட்ட அயோத்திதாசரிடம் இவையனைத்தையும் எதிர்பார்ப்பது தகாது. பதிப்பித்தோர் வரிசையை விரிவாக்கியிருக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. 1930களில் சிங்காரவேலர் அறிவியற் கருத்துகளைத் தமிழில் கட்டுரைகளாக எழுதினார். சுயமரியாதை இயக்கத்தினர் மலிவுவிலைப் பகுத்தறிவு நூல்களை வெளியிட்டனர். தங்கவயல் வரிசையோ முன்னோரைப் பற்றிய வினாவிலேயே ஊன்றி நின்றது. இழிவு என்னும் சுமையை முதலில் இறக்கவேண்டியிருந்தமையால், காலின்கீழுள்ள பாறையைப் பற்றிய வினா பின்னுக்குப் போயிற்று எனலாம்.

பேணலும் மறு கண்டுபிடிப்பும்

இந்நூல்கள் நெடுங்காலம் தமிழ் உரைநடை வரலாறுகள் பலவற்றில் இடம்பெறவில்லை. கல்வி நிறுவனங்கள் கருதாதவற்றைத் தனியார் வீடுகளே காத்தன. 'தமிழன்' இதழ்களைத் தேடிப் பேணியோருள் அன்பு பொன்னோவியம் குறிப்பிடத்தக்கவர். ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் 1999இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதன்பின் ராஜ் கௌதமனின் 'க. அயோத்திதாசர் ஆய்வுகள்' (2004), டி. தருமராஜின் 'அயோத்திதாசர்: பார்ப்பனர் முதல் பறையர் வரை' (2019) முதலிய நூல்கள் தோன்றின. இவ்வாய்வுகள் அயோத்திதாசரின் சிந்தனையை மையமாகக் கொண்டவை. அவரை அச்சிட்டவர், வாங்கியவர், வாசித்துக் காட்டியவர் ஆகியோரின் வரலாறு இனி விரிவாக எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

காலம் இதற்கு இடந்தருவதாக இல்லை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பத்தினர் பலர் பெங்களூருவுக்கு இரயிலேறி வேலைக்குச் செல்வோராயினர். வேறு சிலர் இடம் பெயர்ந்தனர். குடும்பம் பெயரும்போது முதலில் கைவிடப்படுவது பழந்தாள் கட்டு. சிறு நூல்களும் சங்கக் கணக்கேடுகளும் துண்டறிக்கைகளும் எந்த வீட்டில் எஞ்சியுள்ளன என்பதைக் களப்பணியாலேயே அறிய இயலும். மொழி ஆய்வு நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க அவசரப் பணி இது.

முடிவுரை

தங்கவயல் அறிவுநூல்களைப் போற்றுவோர் அவற்றின் முடிவுகள் அனைத்தையும் வரலாறாகக் கொள்வதும், மறுப்போர் அவற்றின் சொற்பிறப்பு விளக்கங்களைச் சுட்டி நூல்களையே தள்ளிவிடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரு சாராரும் விடையை மட்டுமே நோக்குகின்றனர். கதை ஒன்றைக் கேட்டவுடன் அதன் சான்று யாது, அதனால் பயன்பெறுவோர் யாவர், பழைய வடிவம் எது என்று கேட்கும் பழக்கத்தை இந்நூல்கள் விதைத்தன. அப்பழக்கத்தை இந்நூல்கள் மீதே செலுத்துதல் அவற்றை இகழ்வதாகாது. அவை கற்பித்ததைப் பின்பற்றுவதேயாகும். நந்தன் அரசனாயிருந்தான் என்பதை ஒரு வாசகர் ஏற்காமற் போகலாம். ஆனால் நந்தன் கதையைச் சொன்னவர் யார் என்று கேட்க அவருக்கு முன்னரே, இரவுப் பணி முடித்து மேலேறி வந்த ஒருவர், விளக்கொளியில் இச்சிறு நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார் என்பதை அவர் மறுக்க இயலாது. தமிழ் அறிவுநூல் வரலாறு அவ்வாசகருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குதல் வேண்டும்.